தோற்றவனும் சொல்லித் தரலாம்



"படிக்கப் போறியா, காய் சுண்டப் போறியா?" கரிசல் காட்டில் உளுந்தஞ்செடி பிடுங்கிவிட்டு வந்த அப்பா ஒருநாள் என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆகவே அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் நான் போவது சுண்டுவதற்கு மட்டும் அல்ல, தெருப் பையன்களுக்குக் கேரம் சொல்லிக் கொடுக்க.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான போட்டியில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியவன். "ஜெயிக்காதவன் எல்லாம் கோச்சாடா?" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். ஏன் ஆகக்கூடாது என்பதே என் கட்சி.

குச்சியால் பந்தைத் தள்ளும் ஸ்நூக்கருக்கு நம் ஊட்டி கிளப்பில்தான் 1882-ல் விதிமுறை எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த மேஜையின் நீளம் 12 அடி. எங்கள் வீடே அவ்வளவுதான்! நமக்கு வாய்த்தது கேரம் போர்டு. நாலு பேர் உட்கார இடமும் கொஞ்சம் பவுடரும் இருந்தால் போதும்.

அந்தப் போர்டிலிருந்துதான் சென்னைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அவருக்குப் பயிற்சி தந்தவர் அவருடைய அப்பா மெஹபூப் பாஷா, ஆட்டோ ஓட்டுபவர். பகலில் பிழைப்பு, மிச்ச நேரத்தில் பயிற்சி. இதைவிடச் சான்று வேண்டுமா? நம் கோவில்பட்டி ஹாக்கியும் இப்படி வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளைகளுக்குப் பழக்கிய மூத்த ஆட்டக்காரர்களால் வளர்ந்ததுதானே!

நம் ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். அரம் பிடித்துத் தேய்க்கிறோம், ஜாப் மட்டமாக வரவில்லை. நாம் ஜாப்பையே முறைக்கிறோம். இன்ஸ்ட்ரக்டரோ நம் முழங்கையைப் பார்த்துத் தவறைச் சொல்கிறார். கோச்சின் வேலையும் அதுதான். ஆடுகிறவன் காயைப் பார்ப்பான். கோச் அவன் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும், உட்காரும் விதத்தைப் பார்க்க வேண்டும். ரெட்டைப் போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்பது முதல் ஃபைன் வரை விதியைச் சரியாகச் சொல்ல வேண்டும். காசு வைத்து ஆடும் இடத்துப் பக்கம் பையனை விடக்கூடாது. தனக்குத் தெரிந்தது முடிந்ததும், தன்னைவிடத் தெரிந்தவரிடம் அனுப்பி வைக்கவும் வேண்டும்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு அக்காவின் மகன், ஏழாம் வகுப்பு. எளிய கட் ஷாட்டை நாலு முறை தவறவிட்டான். "இதுகூடவா தெரியல?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மறுநாள் அவன் வரவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கமும் வரவில்லை. முதலாம் ஆண்டில், தமிழ் வழியில் படித்து வந்த என்னை நிறுத்தி வைத்து ஒருவர் கேட்டதும் அதே வார்த்தைதான். அன்று கல்லூரியை விட்டே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அதே வார்த்தையை நானே ஒரு சின்னப் பையன் மேல் எறிந்திருக்கிறேன்!

அவன் வீட்டுக்குப் போனேன். "தம்பி, எனக்கே அந்த ஷாட் ஒரு மாசம் வரல, வா" என்றேன். வந்தான். இப்போது பத்துக்கு ஆறு போடுகிறான்.

பிறவிச் சூரனுக்குத் தான் எப்படிக் கற்றோம் என்பது மறந்திருக்கலாம். தட்டுத்தடுமாறிக் கற்றவனுக்கு ஒவ்வொரு படியும் நினைவிருக்கும். தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிக்கு முந்தைய படியில் நிற்பவர்கள். சொல்லித்தர ஆளில்லாத கஷ்டம் நமக்குத்தானே தெரியும்?

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டு நிதியில் இரண்டு கேரம் போர்டு வாங்குங்கள். வாரம் இரண்டு மாலை, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவோம். கோப்பை வராமல் போகலாம். ஒரு பையன் மறுநாளும் வந்தால் அதுவே நமக்கு வெற்றி!