திறப்பு விழாவும் தச்சனின் தூக்கமும்

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய வீதிகளில் புதிய காட்சியறைகள் எழும்புகின்றன. கண்ணாடி முகப்பு, மறைவிளக்கு, பலகையிலும் பிசினிலும் வடித்த கடலலை! வாடிக்கையாளர் பொருளை வாங்க வரவில்லையாம். 'அனுபவத்தை' வாங்க வருகிறாராம். அனுபவத்தைச் செய்துகொடுக்கப் பட்டறைகள் உண்டு. பட்டறையை நடத்த 'உற்பத்தி முகாமை' என்றொரு சாத்திரமும் உண்டு. அச்சாத்திரத்தைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

அதன் மூலமந்திரம் ஒன்றுதான்: திறப்பு நாள் அசையாது. விளம்பரம் போயாயிற்று, பிரமுகர் நாள் கொடுத்தாயிற்று. ஆனால் வரைபடம் மட்டும் அசையும். ஆறு கிழமை வேலையில் நான்கு கிழமை, கடைக்காரர் நிறம் தேர்வதிலும் தேர்ந்ததை மாற்றுவதிலும் கழிகிறது. எஞ்சிய இரண்டு கிழமைக்குள் தச்சரும், இரும்பு ஒட்டுபவரும், வர்ணம் பூசுபவரும், மின்வேலைக்காரரும் ஆறு கிழமை வேலையை முடித்தாக வேண்டும். வர்ணத்துக்கோ முகாமையாளரின் அட்டவணை தெரியாது. மாரிகாலக் கடற்காற்றில் அது தன் பாட்டிலேதான் உலரும். உலராத பூச்சின்மேல் அடுத்த பூச்சு ஏறுகிறது. சில நாளில் கொப்புளித்து உரிகிறது. குற்றம் யாருடையது? பூசியவனுடையதாம்! அவன் கூலியில் கழிக்கிறார்கள்.

சென்ற மாரியில் அத்தகைய பட்டறையொன்றில், மரத்தூள் குவியலிலே உறங்கிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனைக் கண்டோம். மூன்று இரவுகளாக வீடு செல்லவில்லை என்றான். மேலதிக நேரக் கூலி உண்டா என்று கேட்டோம். சிரித்தான்.

எட்டு மணி நேர வேலை இந்நாட்டில் புதிய கோரிக்கையன்று. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாட்கூலிக்காரரையும் தன்னுள் அடக்குகிறது: தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஆனால், "அவர் எங்கள் ஆளல்ல, துணைக் கொந்தராத்துக்காரரின் ஆள்" என்ற ஒரே வாக்கியத்தால் சட்டத்தைக் கடந்துவிடுகிறார்கள்.

இது பழைய கதைதான். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே இலங்கைத் தேயிலையின் புகழ் பரப்ப, நம் நாட்டு மரங்களால் செதுக்கு வேலைப்பாட்டுடன் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். கண்காட்சி முடிந்ததும் அது ஒரு செல்வரின் ஏரிக்கரை மாளிகையாயிற்று. மாளிகை வாங்கியவரின் பெயர் நிலைத்தது. உளி பிடித்தவர்களின் பெயரை யார் கேட்டார்கள்?

முகாமையாளரும் கூலிக்காரர்தாமே என்பர் சிலர். உண்மை. எனினும் எவருடைய நேரத்தைச் செலவிடுவது என்று முடிவு செய்யும் பேனா அவர் கையில் இருக்கிறது. வரைபடக் கையொப்பம் ஒரு நாள் பிந்தினால் திறப்பும் ஒரு நாள் பிந்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். பிந்த முடியாதெனின், இரவு வேலையின் கூலியைக் கடைக்காரரின் கணக்கில் எழுதட்டும். உலரும் நாட்களும் வேலை நாட்களே என அட்டவணையில் குறிக்கட்டும். வானத்தை வில்லாக வளைக்கும்படி நாம் கேட்கவில்லை.

துறைமுகத் தொழிலாளரைப் பற்றிக் கதை எழுதும் நம் நண்பர்கள் பலர் சென்ற முறை திறப்பு விழாவிலே கைதட்டினார்கள். நாமும் அங்கே ஐஸ்கிறீம் தின்றவர்களே, மறைக்கவில்லை.

ஐப்பசியில் மற்றொரு காட்சியறை திறக்கவிருக்கிறது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வரைபடம் இன்னும் கையொப்பமாகவில்லை என்று கேள்வி.