எந்தப் பதிப்பில் வந்தது?

ஆசிரியருக்கு,

வரி விளம்பரப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். வீடு ஒத்திக்கு, ஆட்கள் தேவை போன்றவை அந்தந்த ஊர்ப் பதிப்பில் வந்தால் போதும். கும்பகோணத்து மாடிப் போர்ஷனைப் பற்றி ஓசூர்க்காரருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சொத்து தொடர்பான பொது அறிவிப்புகளின் கதை வேறு. பாகம் பிரிக்காத நிலத்தை அண்ணன் விற்கிறார்; வாங்குபவரின் வக்கீல் ஆட்சேபணை கேட்டு விளம்பரம் தருகிறார். செலவு குறையட்டும் என்று நிலம் இருக்கும் ஊர்ப் பதிப்பில் மட்டும் போடுகிறார்கள். பங்குள்ள தங்கையோ கோவையில். அவர் கண்ணில் அது எப்படிப் படும்? (படக்கூடாது என்பதுதான் சிலருக்கு வசதி.) பிரதிவாதிக்கான சம்மனைப் பத்திரிகையில் வெளியிட நீதிமன்றம் உத்தரவிட்டால், அவர் கடைசியாக வசித்த பகுதியில் விற்பனையாகும் நாளிதழில்தான் போட வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அந்த அக்கறை இங்கே இல்லை.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பத்திரிகைச் சங்கங்களே ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு சிறு விளம்பரத்தை மாநிலமெங்கும் உள்ள உள்ளூர் இதழ்களில் வெளியிட ஏற்பாடு செய்கின்றன. நம் நாளிதழ்களிலும் எல்லாப் பதிப்புகளுக்கும் சேர்த்து விளம்பரம் தரலாம். கட்டணம்தான் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. பொது அறிவிப்புக்கு மட்டுமாவது சலுகைக் கட்டணம் வைத்து, நாலு வரியில் எல்லாப் பதிப்பிலும் போடலாமே. அதுவரை, எந்தெந்தப் பதிப்பில் வெளியானது என்பதையாவது அறிவிப்பின் கீழே அச்சிடுங்கள்.

— ஒரு வாசகர், மயிலாடுதுறை