பணம் வேண்டாம், அடுத்த வண்டியில் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆக்ரா, டெல்லி, சிம்லா என்று ரயிலேறும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகையில் போகும் அரசு ஊழியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கிளம்புகிறவர்கள் என்று டிசம்பர் கடைசி வாரத்தில் வடக்கே போகும் வண்டிகளில் நம்மவர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். நமக்கு விடுமுறை கிடைக்கும் அந்த நாட்களில்தான் வட இந்தியச் சமவெளியில் மூடுபனியும் கடுமையாக இருக்கிறது. ஆண்டுதோறும் வருகிற இந்தப் பனியில் இணைப்பு ரயிலைத் தவறவிடும் பயணியை ரயில்வே கைகழுவி விடுகிறது. இது அநியாயம்.

பனியில் வண்டி மெதுவாகப் போவதை நான் குறை சொல்லவே மாட்டேன். 2010 ஜனவரி 2 அன்று கான்பூரை அடுத்த பங்கியில் கோரக்தாம் எக்ஸ்பிரஸும் பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸும் மோதியது இப்படியொரு மூடுபனியில்தான். மதுராவைத் தாண்டிய ஒரு விடியலில் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தண்டவாளம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் சிக்னலைத் தேடிக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழுத்துப் போகிறார் லோகோ பைலட். சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் சிறு வெடிகளைப் பொருத்தி வைக்கிறார்கள். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். அந்தச் சத்தம்தான் அவருக்கு எச்சரிக்கை. சுண்ணாம்புக் கோடு போட்டு இடத்தை அடையாளம் காட்டுகிறார்கள். இப்போது ஜி.பி.எஸ்ஸில் இயங்கும் ‘ஃபாக் பாஸ்’ கருவியும் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் குளிரில் நின்று இந்த வேலையைச் செய்யும் ஊழியர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். வண்டி எட்டு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை, பத்திரமாகப் போய்ச் சேரட்டும்.

கேள்வியே அதற்குப் பிறகுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அட்டவணைப்படி காலையில் புதுடெல்லிக்கு வந்துவிடும். அதே நிலையத்திலிருந்து 7.40 மணிக்குக் கால்கா சதாப்தி. அது கால்காவில் இறக்கிவிட்ட சிறிது நேரத்தில், நண்பகலை ஒட்டி, சிம்லாவுக்கு ஹிமாலயன் குவீன் மலை ரயில் புறப்படுகிறது. தாளில் எழுதிப் பார்த்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! முதல் வண்டி மூன்று மணி நேரம் தாமதமானால் போதும், பின்னால் இருக்கும் இரண்டும் கைவிட்டுப் போகும். டெல்லியில் ஒரு நாள் இடைவெளி விட்டுத் திட்டமிட வேண்டியதுதானே என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் கிடைப்பதே ஒரு வாரச் சொச்சம் விடுமுறை. அதில் போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு. மிச்சமிருப்பதில் எத்தனை நாளைப் பனிக்கு ஒதுக்கி வைப்பது?

போனால் போகிறது என்று விட்டுவிடக்கூடிய வண்டியா அந்த மலை ரயில்? 1903-இல் திறந்த பாதை. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில், கால்காவின் 656 மீட்டர் உயரத்திலிருந்து சிம்லாவின் 2,076 மீட்டர் வரை, 96 கிலோமீட்டர் தூரத்தை ஐந்து மணி நேரம் போல எடுத்துக்கொண்டு ஏறுகிறது. வழியில் 102 சுரங்கங்கள், எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். பரோக்கில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம். கனோவில் நான்கு அடுக்காக எழுப்பிய கல் வளைவுப் பாலத்தின் மேல் வண்டி வளைந்து போகும்போது பெட்டியில் இருக்கும் குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு ஓடிவிடுவார்கள். 2008-இல் இந்தப் பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெட்டிகள் சின்னவை, இடமும் குறைவு. டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டவருக்கு அடுத்த வண்டியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இவருக்கு ரயில்வே என்ன செய்கிறது? 2019 ஏப்ரல் முதல் இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது வண்டி தவறிப்போனால், பிடித்தம் இல்லாமல் பணம் திரும்பக் கிடைக்கும். கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட் என்றால், வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் அங்கேயே வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். குளிரில் நடுங்கும் பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் பார்த்துக்கொள்வதா, கவுன்ட்டரைத் தேடி ஓடுவதா? வசதி இரண்டு டிக்கெட்டுகளுக்குத்தான் என்பதால் மூன்றாவது வண்டிக்குப் பாதுகாப்பு இல்லை. அப்படியே பணம் வந்தாலும் சிம்லாவுக்கு டாக்ஸி பிடிக்க அது எந்த மூலைக்கு? அந்தக் குடும்பத்துக்கு அப்போது தேவை அடுத்த வண்டியில் நான்கு இடம்.

அதைத் தர முடியாது என்று ரயில்வே சொல்லவும் முடியாது. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவரைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேறு வண்டிக்கு மாற்றும் ‘விகல்ப்’ திட்டத்தை 2015-லேயே கொண்டு வந்தவர்கள் அவர்கள். உறுதியான டிக்கெட் வைத்திருந்து, ரயில்வேயின் தாமதத்தாலேயே வண்டியை விட்டவருக்கு அதே ஏற்பாடு ஏன் இல்லை? போதாததற்கு, புறப்பட்ட ஊருக்கே திரும்பும் சுற்றுப்பயண டிக்கெட் என்று ஒன்றையும் அவர்களே கொடுக்கிறார்கள். எட்டு ஊர்களில் இறங்கித் தங்கி, முழுத் தூரத்தையும் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு ஒருவழிப் பயணங்களாகக் கணக்கிட்ட கட்டணத்தில், ஒரே டிக்கெட்டில் போய்வரலாம். டிக்கெட் கொடுக்கும்போது ஒரே பயணம், வண்டி தவறினால் மட்டும் தனித்தனிப் பயணமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, ஒரே டிக்கெட்டாக எடுத்த தொடர் பயணம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, கிடைக்கும் அடுத்த வண்டியில் ஊர் போய்ச் சேருவதா என்று பயணியே முடிவு செய்யலாம். அங்கேயும் பனி பொழியத்தான் செய்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பனியைக் காரணம் காட்டி டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பல வண்டிகளை முன்கூட்டியே ரத்து செய்கிறார்கள். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டதால், கிறிஸ்துமஸ் வாரத்துக்கான டிக்கெட் அக்டோபர் கடைசியில்தான் விற்பனைக்கு வருகிறது. ரத்தாகும் வண்டிகளின் பட்டியலை அதற்கு முன்பே, அக்டோபர் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும். ஓடாத வண்டிக்கு டிக்கெட் விற்கக் கூடாது.

நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் இதே பனிக்காலத்தில்தான் டெல்லியில் நடக்கிறது. தமிழக உறுப்பினர்கள் அங்கே கேட்க வேண்டியது மூன்றே மூன்று. இணைப்பு ரயிலைத் தவறவிட்டவருக்கு விகல்ப் முறையில் அடுத்த வண்டியில் இடம், மூன்று வண்டிகள் வரை பி.என்.ஆர். இணைப்பு, அக்டோபர் தொடக்கத்திலேயே ரத்தாகும் வண்டிகளின் பட்டியல். ரயில்வே அமைச்சர் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை