ஆறிப்போன சொக்லேட்டும் நாலு பிராங்க் டிப்ஸும்

சுவிஸ் மலையொன்றில் பனிச்சறுக்கு முடிந்து, குளிரில் விறைத்தபடி பாருக்குள் போனோம். அரை மணித்தியாலம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்ட சூடான சொக்லேட் ஆறிப்போய் வந்தது. பில்லை நீட்டிய பணியாளர் டிப்ஸுக்காகக் காத்து நின்றார். வெட்கத்தில் நாலு பிராங்க் கொடுத்துவிட்டேன்.

கொடுத்திருக்கத் தேவையில்லை. சுவிஸில் 1974 முதல் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம். டிப்ஸ் எங்கள் விருப்பம். மலையில் விலை கூட என்பது விளங்குகிறது, சாமான்கள் கேபிள் காரில் ஏறவேண்டும். ஆறிய சொக்லேட்டுக்கு அது காரணமில்லை.

எங்கள் அப்பாமார் பலர் இப்படியான குசினிகளில் கோப்பை கழுவியவர்கள். அதனால் பணியாளரிடம் கத்தாதீர்கள். அன்று அவர் தனியாளாய் இருபது மேசை பார்த்தார். ஆனால் பேசாமலும் வராதீர்கள். "ஆறிப்போச்சு, மாற்றித் தாங்கோ" என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்பாமாருக்கு மொழி தடையாக இருந்தது. இங்கே வளர்ந்த எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை.