பதினோரு கண் பாலம்

தொலைக்காட்சி வினாடி வினா ஒன்று இந்த வாரம் என் காலைக் காபியைக் கசப்பாக்கியது. “தாமிரபரணியில் பாலம் கட்டிய பெண்மணி யார்?” விடை: சுலோசன முதலியார். அரங்கமே கைதட்டியது.

பெயரில் மயங்கிவிட்டார்கள். அவர் ஆண் ஐயா! திருநெல்வேலி கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்க 1843-இல் திறந்த பாலத்துக்குத் தன் கைக்காசைக் கொட்டியவர். ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தார்.

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். ‘11 ஆர்ச்சுகள் கொண்ட’ என்று எழுதியதும் என் மேலேயே கோபம் வந்தது. என் பெரியப்பா ஆர்ச் என்று சொல்லி நான் கேட்டதில்லை. “11 கண் பாலம்” என்பார். மதகுக்குக் கண், வலைக்குக் கண், சல்லடைக்கும் தேங்காய்க்கும் கண். அடைப்புக்கு நடுவே விட்ட வழியெல்லாம் நமக்குக் கண்தான். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரயில் பாதையில், கழுதுருட்டியில் நிற்கும் கருங்கல் பாலத்தை மலையாளிகளும் ‘13 கண்ணறை’ என்றே சொல்கிறார்கள்.

அந்தக் கண்ணைத் திறப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் கல் உத்தரம் போட்ட நம் மண்டபங்களில் சில அடிகளுக்கு ஒரு தூண். ஆற்றில் அப்படி நெருக்கித் தூண் நட்டால் வெள்ளம் விட்டுவைக்குமா? ஆகவே மரச்சாரத்தை அரைவட்டமாக வளைத்துக் கட்டி, ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை இரண்டு பக்கமிருந்தும் அடுக்கிக்கொண்டு வருவார்கள். உச்சியில் கடைசிக் கல் இறங்கும்வரை எல்லாப் பாரமும் மரத்தின் மேல். அது இறங்கியபின் சாரத்தைப் பிரிக்கலாம். விழப்பார்க்கிற கல்லைப் பக்கத்துக் கல் விடாது. மேலே வண்டி ஏறினாலும் பாரம் வளைவு வழியே தூணுக்கு இறங்கிவிடும். கூட்டுக்குடும்பம் மாதிரி, நெருக்கத்தில்தான் நிற்கிறது.

சேனலுக்கு எழுதிய கடிதம் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. ‘ஆர்ச்’சை அடித்துவிட்டேன். நெல்லைக்குப் போனால் பாலத்தின் மேல் விரையாமல் படித்துறையில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால் எண்ணச் சொல்லுங்கள். கண் என்று சொல்லி எண்ண வேண்டும்.