கணினியின் கருவில் யாருக்கு இடம்?

2024 ஜூலை 19ஆம் திகதி காலை, இலங்கை நேரப்படி 9.39 மணியளவில், அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கென ஒரு சிறிய கோப்பினை உலகெங்கும் அனுப்பி வைத்தது. 78 நிமிடங்களில் அது மீளப்பெறப்பட்டது. ஆயினும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி வீழ்ந்துவிட்டன. பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்களின் நோயாளர் பதிவேடுகள் முடங்கின. டெல்டா விமான சேவை மாத்திரம் சுமார் 7,000 பயணங்களை இரத்துச் செய்தது.

தவறான கோப்பு மீளப்பெறப்பட்ட பின்னரும் அவலம் நாட்கணக்கில் நீடித்தது ஏன்? நினைவகத்தையும் வன்பொருளையும் ஆளும் பகுதியே பணிசெயல் முறைமையின் கரு, அதாவது கேர்னல். சாதாரண மென்பொருள் ஒன்று பிழைத்தால் அது மாத்திரமே மூடப்படும். கருவினுள் பிழை நேர்ந்தால் முழு முறைமையும் நின்றுவிடும். கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருளோ கணினி இயங்கத் தொடங்கும்போதே கருவுடன் சேர்ந்து இயங்குவது. ஆகவே கணினி மீண்டும் எழ முயன்ற ஒவ்வொரு தடவையும் அதே கோப்பினை வாசித்து மீண்டும் வீழ்ந்தது. தொழினுட்பவியலாளர்கள் கணினி கணினியாகச் சென்று, சேஃப் மோட் எனும் குறைந்தபட்ச இயக்கத்தில் அதனை எழுப்பி, 291 என்ற இலக்கம் தாங்கிய கோப்பினை அழிக்க வேண்டியதாயிற்று. பிட்லொக்கர் பூட்டிட்ட கணினிகளுக்கு 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. அச்சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சேவையகங்களே வீழ்ந்துகிடந்த இடங்களும் உண்டு!

பிழை அற்பமானது. அனுப்பப்பட்ட கோப்பு 21 விபரங்களை எதிர்பார்த்தது. கணினியிலிருந்த மென்பொருள் 20 விபரங்களையே வழங்கியது. இல்லாத 21ஆவதைத் தேடியமையே வினையாயிற்று. பாரதூரமானது யாதெனில், இத்தகைய கோப்பினை முதலில் சில கணினிகளுக்கு மாத்திரம் அனுப்பிப் பார்க்கும் நடைமுறை பின்பற்றப்படாமையாகும். 2010 ஏப்ரலில் மக்கஃபீ நிறுவனத்தின் தவறான கோப்பொன்று விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை முடக்கிய அனுபவம் இத்துறைக்கு ஏற்கெனவே இருந்தது.

பிற பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் தனக்குள்ள அதே அனுமதியை வழங்குவதாக 2009இல் ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு அளித்த உறுதிமொழியை மைக்ரோசொப்ட் தரப்பு சுட்டிக்காட்டியது. இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அவ்வுறுதிமொழி கோரியது சமவாய்ப்பினையே. தனது பாதுகாப்பு மென்பொருளையும் கருவிலிருந்து வெளியேற்றியிருந்தால் சமவாய்ப்பு பேணப்பட்டிருக்குமல்லவா?

2024 ஒக்டோபரில் டெல்டா, கிரவுட்ஸ்ட்ரைக்குக்கு எதிராக ஜோர்ஜியா நீதிமன்றில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம், பாதுகாப்பு மென்பொருட்களைக் கருவுக்கு வெளியே இயங்கச் செய்யும் திட்டத்தை மைக்ரோசொப்ட் அறிவித்தது.