சேலம் – தூத்துக்குடி நேரடி விமான சேவை கோரி நான்காவது மனு

அனுப்புநர்: செயலாளர், வணிகர் சங்கம், சேலம்.
பெறுநர்: உயர்திரு விமானப் போக்குவரத்துப் பொறுப்பு அலுவலர் அவர்கள்.
பொருள்: சேலம் விமான நிலையமான கமலாபுரத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையமான வாகைகுளத்துக்கு நேரடி விமானம் வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் எங்கள் சங்கம் முன்னர் அளித்த மூன்று மனுக்கள்.

ஐயா,

ஜவ்வரிசி, ஜவுளி, வெள்ளிக் கொலுசு வணிகர்களின் சங்கம் எங்களுடையது.

முதல் மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதில் தூரக் கணக்கை இணைத்திருந்தோம், பதிலே இல்லை. மூன்றாவதுக்கு வந்த பதில், நல்ல சாலை இருக்கிறது, தூரமும் குறைவு, ஆகவே தேவை எழவில்லை என்றது. அதை எங்களால் ஏற்க இயலவில்லை.

கோரிக்கை 1: சேலம் – தூத்துக்குடி நேரடி விமானம் இயக்க வேண்டும். இரு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், வடக்கு தெற்காக, சுமார் 338 கி.மீ. இடைவெளியில் உள்ளன. ஏடிஆர் ரகச் சிறிய விமானம் ஓடுபாதையில் ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்து சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடும். இன்று வான்வழியே போக நினைப்பவர் சென்னை சுற்றிப் போனால், சேலம் – சென்னை சுமார் 265, சென்னை – தூத்துக்குடி சுமார் 527, ஆக 792 கி.மீ. பறக்க வேண்டும். இரண்டு டிக்கெட், நடுவே காத்திருப்பு வேறு. எங்கள் சரக்குப் பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றுவிட்டது என்று காலையில் போன் வந்தால், காரில் மதுரை வழியாகப் போய்ச் சேருவதற்குள் பகல் போய்விடுகிறது. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கட்டுவது நாங்கள்தான்.

மத்திய அரசின் உடான் மண்டல விமான இணைப்புத் திட்டம் 2016 அக்டோபரில் வெளியானபோது 200 முதல் 800 கி.மீ. வரையுள்ள வழித்தடங்களுக்கானதாக இருந்தது. சுமார் 500 கி.மீ., அதாவது ஒரு மணி நேரப் பயணத்துக்கு, திட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட இருக்கைகளின் கட்டண வரம்பு அப்போது ரூ.2,500 ஆக இருந்தது. அந்த விதியில் 338 எங்கே இடறுகிறது? தூரத்தைச் சாலையில் அளந்து தேவையை மறுக்க அதில் இடமில்லை.

முன்னுதாரணம் எங்கள் ஊரிலேயே உண்டு. 2018 மார்ச்சில் இதே திட்டத்தில் சேலம் – சென்னை விமானம் தொடங்கியது. அங்கேயும் நான்குவழிச் சாலை இருந்தது, ரயில் இருந்தது. 265 கி.மீ.க்குக் கிடைத்த தகுதி அதைவிட நீண்ட வழித்தடத்துக்கு எப்படி இல்லாமல் போகும்? 2021இல் நின்ற சேலம் விமானங்கள் 2023 அக்டோபரில் மீண்டும் வந்தன. நின்றதைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று அரசே காட்டியிருக்கிறது. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய முனையமும் 3,115 மீட்டர் ஓடுபாதையும் திறக்கப்பட்டுவிட்டன. இனி இட வசதி இல்லை என்று சொல்வதற்கில்லை.

கோரிக்கை 2: விமான நேரங்களுக்கு ஏற்ப சேலம் பேருந்து நிலையத்திலிருந்து கமலாபுரத்துக்கு நகரப் பேருந்து இயக்க வேண்டும்.
கோரிக்கை 3: விமான நிலைய அறிவிப்புகள் முதலில் தமிழில் ஒலிக்க வேண்டும்.
கோரிக்கை 4: வழியனுப்ப வருவோர் அமர நிழற்கூரை அமைக்க வேண்டும்.

முதல் கோரிக்கையை ஏற்க இயலாதெனில், எந்த விதியின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்